நம் தீவுக்கும் ஒரு நோட்டு வேண்டும்

திருப்பதி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் நாலு பக்கமும் ஸ்காட்லாந்துத் தீவுகள்தான். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா, அந்தக் கம்பளிச் சட்டை குளிருக்குத் தாங்குகிறதா என்று போன கடிதத்தில் கேட்டேனே, ஒன்றுக்கும் பதில் காணோம். அடுத்த கடிதத்தில் முதல் வரியில் உடம்பைப் பற்றி எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இங்கே ஆயாவைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ கவலைப்படுவாய் என்று உன் நைனா மறைத்திருப்பார். ஐப்பசி மழையில் நனைந்து ஆயா காய்ச்சலில் படுத்துவிட்டது. இரக்கம் தீவில் ராத்திரி நேரம், பழவேற்காடு ஏரியில் காற்று வேறு. படகு எடுக்க வழியில்லை என்று உன் நைனா விடிய விடியத் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். வெளுத்ததும் படகில் படுக்கவைத்துப் பீமுனிவாரிபாளையம் துறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆட்டோவில் தடா. ஊசி போட்டு, இரண்டு பாட்டில் ஏற்றி, இப்போது எழுந்து நடமாடுகிறது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். "திருப்பதிக்கு வந்துவிடு அம்மா, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது" என்று கெஞ்சினேன். "அங்க வந்து நான் யார்கிட்ட பேசறது?" என்று கேட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, பாப்பா. இந்தத் தெருவில் எனக்கே பேச ஆள் குறைவு.

அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அதற்கு மேலே வந்து சேர்ந்தது உன் கடிதம்.

எக் தீவைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு முதலாளி போனால் இன்னொரு முதலாளி என்று தீவையே மாற்றி மாற்றி விலைபேசி வாங்கியது, குடியிருந்தவர்கள் கூரை மாற்றக்கூட அவர்கள் தயவை எதிர்பார்த்து நின்றது, கடைசியில் 1997 ஜூன் 12 அன்று அந்த ஜனங்களே அறக்கட்டளை சேர்த்துப் பணம் திரட்டித் தீவைச் சொந்தமாக்கிக்கொண்டது. 2008ல் காற்று, தண்ணீர், வெயில் மூன்றையும் வைத்துத் தங்களுக்கென்று மின்சாரம் அமைத்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்தது. லூயிஸ் தீவில் நெஸ் என்ற ஊரில் 1977லேயே ஊர்க்காரர்கள் ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கி, கிழவர்கள் சொன்ன கதை, பழைய போட்டோ, வீட்டுப் பெயர், வயல் பெயர் எல்லாவற்றையும் சேர்த்தார்கள் என்று நீ வியந்து வியந்து எழுதியதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

சரி, கேட்கிறேன். நெஸ் ஊரில் எந்த வீட்டுக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரிகிறது. உன் ஆயாவின் அம்மா எந்த ஊரிலிருந்து எந்தப் படகில் இரக்கம் தீவுக்கு வாழ வந்தாள், தெரியுமா? கோபத்தில் கேட்கவில்லை, கண்ணு. தெரிந்துகொள்ள உனக்கு யாரும் வழிவைக்கவில்லை. உன்னைத் தீவில் மூன்று வயது வரை வைத்திருந்து, பிறகு படிப்புக்கென்று சூளூர்ப்பேட்டைக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டோம். படிக்கும் பிள்ளையைக் கரையேற்றுவதுதான் நம் வீட்டு வழக்கம். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தே என் காலம் ஓடியது.

அந்த வேலையில் ஒன்று பார்த்தேன். சித்தூரிலும் பலமநேரிலும் குப்பத்திலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் என் வகுப்பில் வருஷத்துக்கு வருஷம் பெஞ்சு காலியானது. பெற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குத் தெலுங்கு வேண்டும், ஆங்கிலம் வேண்டும், அவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்காட்லாந்தில் 1872ல் வந்த பள்ளிச் சட்டத்தில் கேலிக் மொழிக்கு இடமே வைக்கவில்லை, பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகளுக்கு அடிகூட விழுந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். இங்கே யாரும் பிள்ளைகளை அடிக்கவில்லை. அவர்களாகவே மெல்ல நகர்ந்து போனார்கள், அவ்வளவுதான்.

நான் குடியிருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள். திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். பெரும்பாலானவை தமிழில். தேவஸ்தானம் 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியைக் கொண்டு படித்து எழுதவைத்துத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. யார் விளக்குக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யார் எந்த நிலத்தை எழுதிவைத்தார்கள், எல்லாம் இருக்கிறது. சாமவை என்ற பல்லவ அரசி வெள்ளியில் திருமேனி செய்து கொடுத்ததும் நிலம் விட்டதும் கல்லில் நிற்பதால்தான் இன்றைக்கும் அவள் பெயரைச் சொல்கிறோம். கொடுக்க வெள்ளி உள்ளவர்களுக்குக் கல் கிடைத்தது. ஏரியில் வலை வீசினவர்களுக்கு அப்படி ஒரு கல்லும் கிடைக்கவில்லை.

ஆனால் நம் ஏரியைச் சுற்றி நடந்த சங்கதிகள் சாதாரணமா? தெற்கு முனையில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். நீ சின்னவளாக இருந்தபோது அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்த்து அலறி என் இடுப்பில் ஏறிக்கொண்டாய். வடக்கே துகராஜபட்டினத்தில் 1626ல் ஆங்கிலேயர்கள் பண்டகசாலை போட்டார்கள். ஆர்மகான் என்று அவர்கள் சொன்னது அந்த ஊரைத்தான். அங்கே இருந்த பிரான்சிஸ் டேதான் பிறகு தெற்கே வந்து 1639ல் மதராசுக்கு இடம் பிடித்தான். ஆக, சென்னைப் பட்டணத்துக்கு முந்திய கதை நம் ஏரியோரத்தில் இருக்கிறது. அதெல்லாம் புத்தகத்தில் ஏறிவிட்டது, அவர்களிடம் பேனா இருந்தது. அந்தக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய தோணிக்காரன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பக்கிங்காம் கால்வாயும் அப்படித்தான். 1806ல் மதராசிலிருந்து வெட்டத் தொடங்கியது, தாது வருஷப் பஞ்சத்தில் கூழுக்குக் கூலி வேலை செய்த ஜனங்களின் கையால் நீண்டது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு அந்த வழியாகத்தான் மதராசு அடுப்புகளுக்குப் போனது. கிளிஞ்சலும் உப்பும் ஏற்றிய தோணிகளைக் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்களாம். ஆயாவின் நைனா அப்படி இழுத்தவர். தோளில் கயிறு பதிந்த தழும்பு சாகிற வரைக்கும் இருந்தது என்று போன வாரம் காய்ச்சல் தெளிந்த களைப்பில் ஆயா சொன்னது. எனக்கே அது புதுச் செய்தி. இத்தனை வருஷம் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு! அப்போதுதான் மனசு திக்கென்றது. இன்னும் என்னென்ன அதன் தலைக்குள் இருக்கிறதோ.

பாடு முறையைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய். செயின்ட் கில்டாத் தீவில் ஆண்கள் தினம் காலையில் தெருவில் கூடி அன்றைக்கு யார் எந்த வேலைக்குப் போவது என்று பேசி முடிவுசெய்வார்களாம், அதற்குப் 'பார்லிமென்ட்' என்றே பெயராம் என்று எழுதிவிட்டு, "நம் ஊரில் இப்படி உண்டா அத்தை?" என்கிறாய். உண்டு கண்ணு. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் சுத்துவலைக்காரர்கள் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று தீர்மானிப்பார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் அதிகம். அந்த இடம் ஒருவனுக்கே போய்விடக் கூடாது. இன்று உனக்கு நல்ல பாடு விழுந்தால் நாளைக்கு அடுத்தவனுக்கு. பழைய ஏற்பாடு, ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டும் போயிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை நீ மறந்துவிடாதே. சீட்டில் பெயர் இருப்பவனுக்குத்தான் பாடு. பெயர் இல்லாதவர்களும் அதே தண்ணீரில்தான் பிழைக்கிறார்கள். இருளர்களும் யானாதிகளும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதை நீயே பார்த்திருக்கிறாய். நீ எழுதப்போவதில் அவர்களும் வர வேண்டும். நம் வீட்டுப் பெருமையை மட்டும் எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

செயின்ட் கில்டாவில் மிச்சமிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று கப்பலேறிப் போனதையும், கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி ஓட்ஸ் வைத்துவிட்டுப் போனதையும் எழுதியிருந்தாய். அதை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எதிர்க்கரையிலயும் போனாங்களே" என்றது.

எதிர்க்கரை என்றால் ஸ்ரீஹரிகோட்டா. 1969ல் ராக்கெட் தளத்துக்கென்று அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட்டாக ரோகிணி போனது. அதற்கு முன்னால் அங்கே ஊர்கள் இருந்தன, காட்டை நம்பி யானாதிக் குடும்பங்கள் இருந்தன. எழுந்து வெளியே வந்தார்கள். நான் ராக்கெட்டுக்கு எதிரி இல்லை, பாப்பா. 2023 ஜூலையில் சந்திரயான் கிளம்பியபோது மொட்டைமாடியில் நின்று கிழக்கே பார்த்துக் கைகூப்பினவள் நான். தேசத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. ஆனால் இடம் கொடுத்தவர்களின் கதையையும் தேசம் எழுதிவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெண்ணெலகண்டி ராகவய்யா என்ற நெல்லூர்க்காரர் யானாதிகளுக்காகவே உழைத்து, 1962ல் அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதினார். புண்ணியவான். ஆனால் அது ராக்கெட் வருவதற்கு முந்தியது. எழுந்து வந்த நாளில் அவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்க வேண்டுமானால், அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கும் அறுபது தாண்டிவிட்டது.

தளத்துக்கென்று சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே போட்ட சாலையால் வடக்குப் பக்கம் தண்ணீர் ஓட்டம் குறைந்து மேடேறிக்கொண்டே வருகிறது. முகத்துவாரங்கள் தூர்ந்து தூர்ந்து மூடிக்கொள்கின்றன. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சு எங்கிருந்து வரும்? உன் நைனா இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதையும் பதிவுசெய். எந்த வருஷம் எந்த மீன் கிடைத்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் வைத்திருக்கிறார்.

எல்லைக் கதை தனி. 1953ல் ஆந்திரம் பிரிந்தபோதும், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி அந்தப் பக்கமும் பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களிலிருந்து சில ஊர்கள் இந்தப் பக்கமும் மாறியபோதும், ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய போராட்டம் எல்லாருக்கும் தெரியும். ஏரியில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பது வலைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் வலை அறுபட்ட பிறகு. இரண்டு பக்கத்து மீனவர்களுக்கும் அடிக்கடி மூளும் தகராறு உனக்குப் புதிதில்லை. இரக்கம் தீவில் வீட்டுப் பேச்சு தமிழ். மனு எழுதப் போவது தடாவுக்கு, தெலுங்கில். சாமான் வாங்கப் போவது ஆரம்பாக்கத்துக்கு, தமிழ்நாட்டில். நெல்லூர் ஜில்லாவாக இருந்தது, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டமாகிவிட்டது. அதனால் இப்போது நானும் ஆயாவும் ஒரே ஜில்லா. அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தோஷம். படகு மட்டும் அதே படகு. பாலம் வேண்டும் என்ற பேச்சை நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் கரையேறிய புயலில் நம் வீட்டுக் கூரை போனது. நான் அப்போது விடுதியில் இருந்தேன். ஆயா பிள்ளைகளை எங்கே உட்காரவைத்தது, எதைச் சமைத்தது, யார் வீட்டில் தங்கியது, செத்த மாடுகளை என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தடாவும் சூளூர்ப்பேட்டையும் தண்ணீரில் நின்றபோது, "எண்பத்து நாலுல இதைவிட…" என்று ஆயா போனில் ஆரம்பித்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் படிப்பு அங்கே முடிகிறது. அங்கே வேலை கிடைத்தால் இரு, நான் தடுக்க மாட்டேன். உன் அம்மா ஒரு வரனைப் பற்றி என்னிடம் சொன்னாள். பிள்ளை அவளாக வாய் திறக்கட்டும், அவசரம் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் அந்தப் பயத்தில் ஊருக்கு வராமல் இருக்காதே. தை மாதம் வந்துவிடு. வந்து தீவில் ஆயாவோடு தங்கு. அவசர அவசரமாக இரண்டு நாள் தங்கி, பூநாரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற தங்கல் வேண்டாம். சூளூர்ப்பேட்டையில் பறவைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் விருந்தாளிகள்.

ஆயாவிடம் போய், "பழைய கதை சொல்லு" என்று கேட்டால் ஒன்றும் சொல்லாது. "எனக்கு என்ன தெரியும், நான் கைநாட்டு" என்றுவிடும். மடவை மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முன்பெல்லாம் இது எவ்வளவு பெரிசு என்று கேள். உன் அம்மா கல்யாணமாகி எந்தப் படகில் வந்தாள், படகுக்காரன் யார் என்று கேள். பிரசவ வலி எடுத்தவளைப் படகில் கொண்டுபோன ராத்திரிகளைக் கேள். அந்த ஊரில் அப்படிப் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போனில் பதிவுசெய்தாலும் கையாலும் எழுது. போன் தண்ணீரில் விழும், உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போ. கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆரம்பாக்கம் சந்தைக்கு நடந்த பெண்களைக் கண்டிப்பாகக் கேள். ஊர் வழக்கு வம்பெல்லாம் அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். சண்டைகளையும் எழுது. யாரை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள், ஏன், பிறகு எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுது. உயிரோடு இருப்பவர்கள் மனம் நோகும் இடத்தில் பெயரை விட்டுவிடு. வேநாடு தீவு தர்கா உரூஸுக்கு நம் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்பதைக் கேட்க மறக்காதே. நான் சின்ன வயதில் ஆயா தோளில் உட்கார்ந்து போன ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. நீ எழுதுவது லண்டனில் யாரோ படிக்கிற கட்டுரையாக மட்டும் போய்விடக் கூடாது. நெஸ் ஊர் ஆட்கள் செய்தது மாதிரி ஊரிலேயே ஒரு நோட்டு இருக்க வேண்டும். உன் சித்தப்பா மகள் ஒன்பதாவது படிக்கிறாள், கையெழுத்து முத்து. அவளையும் அவள் தோழிகளையும் சேர்த்துக்கொள். தமிழில் எழுத வராத பிள்ளை தெலுங்கு எழுத்தில் எழுதட்டும், சொல்வது நம் ஜனங்கள் சொன்னபடியே இருந்தால் போதும். நான் பிறகு உட்கார்ந்து தமிழில் பெயர்த்து எழுதுகிறேன். இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, இன்னும் நடுங்கவில்லை. அவசரம் ஏன் என்றால், தடா பக்கத்தில் 2008ல் ஸ்ரீசிட்டி வந்ததிலிருந்து தீவுப் பையன்கள் ஷிப்டு வேலைக்குப் போய் அக்கரையிலேயே வாடகைக்கு வீடு பிடித்துவிடுகிறார்கள். நல்லதுதான், மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் கேட்டு வைத்துக்கொள்ள ஆள் குறைகிறது. சொல்ல இருப்பவர்களோ அதைவிடக் குறைவு. ஆயாவின் வயதுக்காரர்கள் போன வருஷம் மூன்று பேர் போய்விட்டார்கள்.

சென்னையில் இறங்கினதும் திருப்பதிக்கு வந்து என்னைப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே. சென்ட்ரலில் சூளூர்ப்பேட்டை வண்டி ஏறித் தடாவில் இறங்கு, நான் அங்கே வந்து நிற்கிறேன். இரண்டு பேருமாகப் படகேறுவோம். ஆயா மூக்குப்பொடி கேட்கும், வாங்கிவராதே, டாக்டர் கூடாது என்றுவிட்டார். கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டாக நாலு வாங்கி வா. டிக்கெட் எடுத்ததும் உன் நைனாவுக்கு முன்னால் எனக்குச் சொல்.

உன் அன்பு,
அத்தை